பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாமா?

காஞ்சீபுரத்தில் பட்டுப் புடவை வாங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். வீட்டுப் பெண்மணி புடவையின் மேற்புறத்தைப் பார்த்த மாத்திரத்தில் பணத்தை எடுத்துவிடுவதில்லை. உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். கரையும் உடலும் சேருகிற கோர்வையை விரலால் தடவிப் பார்க்கிறாள். சரிகையில் சந்தேகம் தட்டினால் உரசிக் காட்டச் சொல்லுகிறாள். பொன் மெருகும் வெள்ளியும் தேய்ந்து அடியில் சிவப்புப் பட்டிழை தெரிந்தால்தான் அவளுக்குத் திருப்தி. இத்தனை பரீட்சைக்குப் பிறகு புடவை வந்து சேருகிற அதே வீட்டிற்கு, காலேஜில் படிக்கும் பிள்ளை ஒரு பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறான். எதைப் பார்த்து வாங்கினான் என்று கேட்டால், பெட்ரோல் டாங்கியின் பளபளப்பையும் சைலன்ஸரின் சப்தத்தையும்தான் சொல்லுகிறான். புடவையில் ஏமாந்தால் பணம் போகும். வண்டியில் ஏமாந்தால் போவது பணம் மட்டும் அல்ல.

வேக வண்டியே கூடாது என்று உபதேசம் செய்வது என் நோக்கம் அல்ல. அப்படிச் செய்தால் கேட்பவர் யார்? மேலும், நம் மாவட்டத்தில் மோட்டார் சைக்கிள் இப்போது ஆடம்பரப் பொருளும் அல்ல. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. தறியில் உட்கார்ந்த தகப்பனாரின் மகன் இன்று ஷிப்டு வேலைக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் போய் வருகிறான். புது வண்டிக்குப் பணம் போதவில்லை. பழைய வண்டியைத் தேடுகிறான். பழையதிலும் கொஞ்சம் வேகமாகப் போவது வேண்டுமென்று வயது சொல்லுகிறது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் எப்படி வாங்குவது, வாங்கியபின் எதை முதலில் பழுது பார்ப்பது என்ற இரண்டு விஷயங்களையும் அவன் அறிந்திருக்க வேண்டும். அவனைப் பெற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு சிறு வண்டியின் பெரும் புகழ்

தமிழ்நாட்டில் பழைய வேக வண்டி என்றால் இளைஞர்கள் முதலில் சொல்லும் பெயர் யமஹா ஆர்.எக்ஸ். 100. எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் ஜப்பானிய யமஹாவின் கூட்டுறவுடன் 1985-இல் இதை வெளியிட்டார்கள். 1996-இல் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. அதாவது, இன்று சந்தைக்கு வருகிற வண்டிகளில் மிக இளையதுகூட, அதை வாங்க வரும் பிள்ளையைவிட வயதில் மூத்தது!

இதன் யந்திரம் 98 சி.சி. கொள்ளளவுதான். குதிரைச் சக்தி சுமார் 11. இந்தக் கணக்கைக் கேட்டால் இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் வண்டியின் எடை 103 கிலோ மட்டுமே. யந்திரமோ 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இரு வீச்சு வகையைச் சேர்ந்தது. சாதாரண நான்கு வீச்சு யந்திரத்தில் கிராங்குத் தண்டு இரண்டு முறை சுழன்றால் ஒரு முறைதான் வெடிப்பு நிகழும். இதில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வெடிப்பு. ஆகையால் கைப்பிடியைத் திருகியதும் வண்டி பாய்கிறது. சென்னையில் மோட்டார் பந்தயம் என்றால் முன்பு சோழவரம் பழைய விமானத் தளம்; 1990 முதல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை. இந்தச் சிறு வண்டி பந்தயக்காரர்களின் செல்லப் பிள்ளையாகவும் இருந்தது. அந்தப் புகழ்தான் இன்று இதற்கு எமனாகவும் இருக்கிறது. எண்பதுகளில் இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைத்த வண்டிக்கு, சாயம் பூசிப் புதுப்பித்துவிட்டு, இன்று ஒரு லட்சத்திற்கு மேலும் விலை சொல்லுகிறார்கள். விலை ஏறியதும் திருட்டு ஏறிற்று; போலிச் சாமான் ஏறிற்று; மினுக்கு வேலையும் ஏறிற்று.

முதலில் காகிதம்

வண்டியைத் தொடுமுன் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்குங்கள். அதிலுள்ள சாசி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் பொறித்த இடத்தில் அரம் போட்ட தழும்போ, அந்த இடத்தில் மட்டும் புதுச் சாயமோ தென்பட்டால், மேற்கொண்டு பேச்சு வேண்டாம். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சர்க்காரின் 'பரிவாகன்' இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவுத் தேதி, இன்ஷியூரன்ஸ் நிலை முதலிய விவரங்கள் கிடைக்கும். அவை புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் முதற்பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1996-இல் பதிவான ஆர்.எக்ஸ். 100-க்குக்கூட 2011-இலேயே முதல் தவணை முடிந்துவிட்டது. அதன் பிறகு எத்தனை முறை புதுப்பித்தார்கள், பசுமை வரி கட்டினார்களா என்று கேளுங்கள். 'அதெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்' என்று விற்பவர் சொன்னால், அந்தச் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில் விழப்போகின்றன என்று அர்த்தம். கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்ததாகக் கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35-ஆம் படிவம் வேண்டும். வெளி மாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்று வேண்டும்.

பெயர் மாற்றத்திற்கு 29, 30 என்ற இரண்டு படிவங்கள் உண்டு. விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. இன்ஷியூரன்ஸையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றும்படி வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். இதை அலட்சியம் செய்பவர்களே நம்மில் அதிகம். வண்டி மூன்று கை மாறியிருக்கும்; புத்தகத்தில் மட்டும் முதல் ஆசாமியின் பெயர் அப்படியே இருக்கும். அந்த வண்டி யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி யார்? பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகையால் பெயர் மாற்றம் வாங்குபவரைவிட விற்பவருக்கே அவசரமானது.

குளிர்ந்த யந்திரத்தைப் பாருங்கள்

வண்டி பார்க்கக் காலை வேளையில் போவது உத்தமம். போனதும் யந்திரத்தின் மீது கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஒரு முறை ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த யந்திரம் சொல்லும் உண்மையைச் சூடான யந்திரம் சொல்லாது. ஆறும்வரை காத்திருங்கள், அல்லது மறுநாள் வாருங்கள்.

கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினால் ஓரிடத்தில் நல்ல எதிர்ப்புத் தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் பிஸ்டனும் வளையங்களும் தேய்ந்துவிட்டன. ஆர்.எக்ஸ். 100-இன் சிலிண்டருக்கு விட்டம் 50 மில்லிமீட்டர். தேய்ந்ததும் கால் கால் மில்லிமீட்டராகக் கடைந்து, அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். இதைத்தான் 'போர் போடுவது' என்கிறார்கள். இதுவரை எத்தனை போர் ஆயிற்று என்று கேட்பது, வயதானவரிடம் எத்தனை அறுவைச் சிகிச்சை ஆயிற்று என்று கேட்பதைப் போன்றது. சங்கடப்படாமல் கேட்க வேண்டும். பந்தயத்திற்காகச் சிலிண்டரின் துவாரங்களை அரம் போட்டுப் பெரிதாக்கிய வண்டியானால், வேலைக்குப் போகிறவனுக்கு அது உதவாது.

யந்திரம் ஓடத் தொடங்கியதும் புகை வரும். இரு வீச்சு யந்திரத்தில் எண்ணெயும் சேர்ந்து எரிவதால், முதலில் கொஞ்சம் புகைவது இயல்பே. நன்றாகச் சூடேறிய பின்னும் புகை அடர்த்தியாக வந்தால் காரணம் கேட்க வேண்டும். பல வண்டிகளில் குற்றவாளி ஒரு சிறு ரப்பர் வளையம். கிராங்குத் தண்டின் இரு பக்கத்திலும் ஆயில் சீல் என்று ஒன்று இருக்கிறது. கிளட்ச் பக்கத்துச் சீல் கெட்டால், கியர்ப் பெட்டியிலுள்ள எண்ணெயை யந்திரம் உறிஞ்சிப் புகையாக விட்டுவிடும். மறு பக்கத்துச் சீல் கெட்டால் வெளிக்காற்று உள்ளே புகும். அப்போது கைப்பிடியை விட்ட பிறகும் யந்திரம் அடங்காமல் இரைந்துகொண்டே இருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை வெளுத்திருக்கும். காப்பிப் பொடி நிறம் இருந்தால் நலம். கரிய எண்ணெய்ப் பிசுக்காயிருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ மிகுதி. வெளுப்பாயிருந்தால் யந்திரம் பட்டினியில் வேகிறது. மூன்றிலும் மிக ஆபத்தானது இந்த வெளுப்புத்தான்.

எண்ணெய் இல்லாத ஒரு நிமிஷம்

ஆபத்து என்று ஏன் சொல்லுகிறேன் என்றால், இந்த யந்திரத்தில் பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய்த் தேக்கம் கிடையாது. பெட்ரோலோடு சேர்ந்து வருகிற எண்ணெயே அதற்கு உயிர். கம்பெனி இதற்கென்று தனி எண்ணெய்த் தொட்டியும் சிறு பம்பும் வைத்துக் கொடுத்தது. அந்தப் பம்பு பழுதானதும் பல இடங்களில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலக்கச் சொல்லிவிடுகிறார்கள். வாங்கும்போது, 'பம்பு இருக்கிறதா, வேலை செய்கிறதா?' என்பதுதான் கேட்க வேண்டிய முதற் கேள்வி. பம்பு இல்லாத வண்டியில், லிட்டருக்கு 30 மில்லியை ஒட்டிக் கலப்பது வழக்கம். எண்ணெய்க் குப்பியின் மேல் அச்சிட்ட அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. கலக்க மறந்து ஒரே ஒரு முறை வெறும் பெட்ரோலைப் போட்டால் போதும். பிஸ்டன் சூடேறிப் பருத்து, சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். 'சீஸ் ஆகிவிட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

என்னிடம் படித்த நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவனுக்கு இது நேர்ந்தது. புதுச் சாயம் பூசிய வண்டி. கடன் வாங்கிய பணம். செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்தவாசி ரஸ்தாவில் போய்க்கொண்டிருந்தபோது, யந்திரத்தின் ஓசை திடீரென்று கனத்தது. அடுத்த கணம் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு தரையில் இழுபட்டது. யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து, அவன் கிளட்சை அமுக்கிப் பிடித்தான். சக்கரம் விடுபட்டது, வண்டி ஓரமாக உருண்டு நின்றது. பின்னால் வந்த லாரி அவனைக் கடந்து போயிற்று. பம்பு கழற்றப்பட்ட சமாசாரத்தை விற்றவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. இரு வீச்சு வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: யந்திரம் இறுகுவதுபோல் தோன்றினால், காரணத்தை யோசிக்கும் முன் கிளட்சைப் பிடிக்க வேண்டும். கலப்பு எண்ணெய் வண்டியை நெடுஞ்சரிவில் கைப்பிடியை முற்றும் மூடி ஓட்டுவதும் ஆகாது. பெட்ரோல் வராதபோது எண்ணெயும் வராது அல்லவா?

பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்து, விளக்கொளியில் உள்ளே பாருங்கள். வெளியே மினுக்கும் டாங்கிக்குள் துரு உதிர்ந்து கிடக்கும். அது கார்புரேட்டருக்குள் இறங்கி வழியை அடைக்கும். வண்டி போகப்போகத் தயங்கும். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு நூற்றுக்கு இருபதை எட்டிவிட்டது. அது ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. பழைய ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் கெடுக்கக்கூடியது. ஆகவே பழைய வண்டியை மாதக் கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்கலாகாது. ரப்பர்க் குழாய்களையும் அவ்வப்போது மாற்றிவிட வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது

மேல் கியரில் கைப்பிடியை நன்றாகத் திருகுங்கள். ஓசை மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் தகடுகள் தேய்ந்திருக்கின்றன. கியர் தானாக நழுவினால் கியர்ப் பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும். அது பெருஞ் செலவு. நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கைப்பிடியை இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் தடுக்கினால் கோன் செட் தேய்ந்துவிட்டது. வண்டியின் நேர் எதிரே சிறிது தூரத்தில் நின்று பார்த்தால், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், வண்டி எங்கோ பலமாக விழுந்திருக்கிறது.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பூ தேயாமல் இருக்கிறதே என்று மகிழ்ந்துபோகக் கூடாது. ஆண்டுகள் கழிந்தால் ரப்பர் இறுகிவிடும். மழைக்காலத்துத் தார் ரஸ்தாவில் அது பிடிக்காது.

புதுக் காலத்து வேக வண்டிகளில் சங்கதி சிறிது வேறு. உதாரணமாக, 2008-இல் வந்த யமஹா ஆர் 15 நீரால் குளிரும் நான்கு வீச்சு யந்திரம் உடையது. கார்புரேட்டர் கிடையாது, எரிபொருளை மின் கருவி அளந்து தெளிக்கும். முன்புறம் முழுதும் கவசம் போர்த்திருக்கும். விழுந்த காயங்களை எல்லாம் அந்தக் கவசம் மறைத்துவிடும். புதுக் கவசம் போட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது. எனவே பிரேக் நெம்புகோல்களின் முனை, கைப்பிடியின் நுனி, காலடிக் கம்பி ஆகியவற்றில் உராய்வு இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்கு ஒரு முறை எரிந்து, யந்திரம் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால், கோளாற்றை மறைக்க விளக்கையே அவித்திருக்கக்கூடும். இது அதைவிட மோசம். குளிர்நீர் தெளிவாக இருக்கிறதா, செயினும் பல் சக்கரமும் கூர் தேயாமல் இருக்கின்றனவா என்றும் கவனிக்க வேண்டும்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

வண்டி வாங்கக் கையிலிருக்கும் பணம் முழுவதையும் விற்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வையுங்கள். பழைய வண்டிக்கு விலை இரண்டு உண்டு. ஒன்று விற்பவருக்கு, மற்றொன்று முதல் ஆறு மாதத்தில் மெக்கானிக்குக்கு. இரண்டாவதை மறந்தவர்களே, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தேய்ந்த பிரேக்கோடு ஓட்டுகிறார்கள்.

அந்தப் பணத்தைச் செலவிடுவதிலும் ஒரு முறை உண்டு. பையன்கள் முதலில் சைலன்ஸரை மாற்றுவார்கள், பிறகு சாயம், பிறகு வேகம் கூட்டும் வேலை, பிரேக் கடைசி. இதை அப்படியே தலைகீழாக்குங்கள். ஆர்.எக்ஸ். 100-க்கு இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குத்தான். இன்றைய டிஸ்க் பிரேக் வண்டி சட்டென்று நிற்கிற தூரத்தில் அது நிற்காது. ஆகையால் பிரேக் கட்டைகள், கம்பிகள், டயர், கோன் செட், செயின், விளக்குகள் ஆகியவை முதலில். ஆயில் சீல்களும் எண்ணெய்ப் பம்பும் அடுத்து. போர் வேலை அதற்கு அடுத்து. சாயம் கடைசி. சைலன்ஸரைத் தொடவே வேண்டாம். இரு வீச்சு வண்டியில் சைலன்ஸரின் வடிவமும் யந்திரத்தின் ஓர் அங்கமே. உட்குழாயை உருவினால் சப்தம் ஏறும், இழுவை குறையும், தெருவார் சாபமும் போலீஸ் அபராதமும் இலவசமாகக் கிடைக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குக் கியர் வண்டி ஓட்ட லைசென்ஸ் கிடையாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். 'தெருக்கோடி வரைக்கும்தானே' என்று சாவியைக் கொடுக்கிற தகப்பனார் இதை அறிந்திருக்க வேண்டும். வயது வந்த பிள்ளையானாலும், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசத்தின் விலையை வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது பிள்ளையோடு நீங்களும் போங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். 'இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இன்றே முடிவு சொல்லுங்கள்' என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த இரண்டு பேருக்கே வண்டி போகட்டும் என்று விட்டுவிடுங்கள். பேரம் படியாமல் வெறுங்கையோடு திரும்பி வருவதில் அவமானம் ஒன்றும் இல்லை. வண்டி இன்னொன்று அகப்படும். பிள்ளை இன்னொருவன் அகப்பட மாட்டான்.